எட்டாம் குளத்துக்குப் போன வெள்ளிக்கிழமை

காலை 6.20. ஹ்விடோவ்ரே ரயில் நிலையத்தில் என்னையும் சேர்த்து நான்கு பேர் நின்றுகொண்டிருந்தோம். ஏப்ரல் மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை. இதை இங்கே வசந்தம் என்கிறார்கள்; மூன்று வருடமாக நானும் நம்பப் பார்க்கிறேன், கையுறையைக் கழற்றத்தான் மனம் வரவில்லை. பையில் ஒரு ஜிபிஎஸ் கருவி, மழைக்கோட்டு, இரண்டு பேருக்கான புளியோதரை.

பயணக் கட்டுரை என்றால் ஊர்ப் பெயர்களைச் சரியாகச் சொல்ல வேண்டும். வழியில் உள்ளவற்றை எல்லாம் சொல்லிவிடுகிறேன். போய்ச் சேர்ந்த ஊரின் பெயரை மட்டும் விழுங்கிவிடப் போகிறேன். ஃபூன் தீவின் தெற்கே ஒரு சின்ன ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருத்தி நான். இருந்தாலும் பயமாக இருக்கிறது.

கோபன்ஹேகனில் ஒரு பொறியியல் ஆலோசனை நிறுவனத்தில் எனக்கு வரைபட வேலை. இங்கே ஒரு சாலை போடுவதற்கு முன்னால், அந்தப் பாதையில் சட்டம் காக்கும் விலங்குகள் ஏதாவது வாழ்கின்றனவா என்று ஆட்கள் போய்ப் பார்த்து வருவார்கள். அவர்கள் கண்டதை நான் வரைபடத்தில் ஏற்றுவேன். அதை வைத்து அறிக்கை எழுதப்படும், அறிக்கையை வைத்து நகராட்சி அனுமதி கொடுக்கும், அனுமதியை வைத்து மண் அள்ளும் இயந்திரம் வரும். அந்தச் சின்ன ஊரைச் சுற்றிக்கொண்டு போகப்போகும் ஒன்பது கிலோமீட்டர் புறவழிச் சாலையை இரண்டு வருடமாகத் திரையில் மட்டுமே பார்த்திருந்தேன். வேலி, வாய்க்கால், பத்துக் குளங்கள் எல்லாம் மனப்பாடம். நேரில் போவது இதுதான் முதல் தடவை. எல்லைக் குச்சிகள் வரைபடத்தில் உள்ள இடத்தில்தான் நிற்கின்றனவா என்று அளந்து பார்க்க வேண்டும். அலுவலக நாற்காலியிலிருந்து விடுதலை என்று சந்தோஷமாகத்தான் கிளம்பினேன்.

6.40. அல்பர்ட்ஸ்லுண்ட் நிலையத்துக்கு வெளியே சேறு படிந்த வெள்ளை வேன். உள்ளே குணம் அண்ணன். அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த இன்னொருவர் இவர்தான். ஐம்பத்தைந்து வயது, யாழ்ப்பாணத்துக் கோண்டாவில்காரர், முப்பது வருடமாக டென்மார்க்கில் இருக்கிறார். முதலில் மீன் தொழிற்சாலை, பிறகு ஒடென்சே பக்கம் தக்காளி வளர்க்கும் கண்ணாடிக் கூடாரம், இப்போது எங்கள் நிறுவனத்தின் களப் பணியாளர். மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு குளத்தில் இறங்கித் தேடுவது அவர் வேலை. அலுவலகத்துக்கு வரவே மாட்டார். இரண்டு வருடமாகத் தொலைபேசியில்தான் பழக்கம்.

"வணக்கம் சார்" என்றேன்.

"சாரோ? உந்தச் சேறு பிடிச்ச ஆளுக்குச் சாரோ? அண்ணை எண்டு சொல்லுங்கோ தங்கச்சி. ஏறுங்கோ, இண்டைக்குத்தான் குரலுக்கு முகம் கிடைச்சிருக்கு."

வேனின் பின்பக்கம் முழுக்கப் பச்சை பிளாஸ்டிக் வேலிச் சுருள்களும் வாளிகளும். வழியில் அவர் மகள் கூப்பிட்டாள். அவள் டேனிஷில் கேட்டாள், இவர் தமிழில் பதில் சொன்னார், இரண்டு பேருக்கும் எந்தச் சிரமமும் இல்லை.

7.50. கோர்சோர் தாண்டிப் பெரிய பாலம். இரண்டு தீவுகளுக்கு நடுவே பதினெட்டு கிலோமீட்டர். இடையில் ஒரு குட்டித் தீவில் கால் வைத்துவிட்டு மறுபடி கடல்மேல் போகிறது. காற்று வேனைத் தள்ளியது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குணம் அண்ணன் எங்கள் கதாநாயகனைப் பற்றிச் சொன்னார்.

பெரிய நீர்ச் சாலமாண்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் தண்ணிப் பல்லி என்கிறார். பல்லி மாதிரி இருக்கும், ஆனால் தவளைக்குத்தான் சொந்தம். ஒரு சாண்கூட வராது. வசந்தத்தில் ஆணுக்கு முதுகில் சீப்புப் போலக் கொண்டை எழும்பும், வயிறு கறுப்புப் புள்ளி வைத்த ஆரஞ்சு நிறம். பெண், ஒவ்வொரு முட்டையையும் ஒரு நீர்ப்புல் இலையில் வைத்து, வெற்றிலை மடிப்பதைப் போல மடித்துவிடும். மடித்த இலையைத் தேடுவதுதான் இவர் வேலை. பிரித்துப் பார்த்து உள்ளே மஞ்சள் கலந்த வெள்ளையில் ஒரு முட்டை இருந்தால், அந்தக் குளத்தில் சாலமாண்டர் வாழ்கிறது என்று அர்த்தம். உடனே கரையேறிவிட வேண்டும். ஆர்வக்கோளாறில் மேற்கொண்டு இலைகளைப் பிரித்தால் முட்டைகள் கெட்டுப்போகும்.

"போன வருசம் மே மாசம் ஞாபகம் இருக்கோ? ஆறாங் குளத்துக்குள்ளை அந்த டேப்லெட்டைப் போட்டிட்டன். பிறகு மிச்சக் குளம் முழுக்க நான் ஃபோனிலை சொல்ல நீங்கள்தானே பதிஞ்சனீங்கள்."

"உங்களுக்குப் பின்னாடி காத்து ஊளை விட்டுச்சே அண்ணே, மறப்பேனா" என்றேன். இருவரும் சிரித்தோம். அன்று நாங்கள் சேர்ந்து சிரித்தது அந்த ஒருமுறைதான்.

8.45. ஒடென்சேக்கு வெளியே ஒரு பெட்ரோல் நிலையம். அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து சுமார் நூற்று ஐம்பது கிலோமீட்டர். காபி 34 குரோனர், குடித்தால் நாக்கு வெந்தது, அதைத் தவிர வேறு குணம் எதுவும் அதற்கு இல்லை. அங்கிருந்து தெற்கே திரும்பினோம். மஞ்சள் பூத்த கடுகு வயல்கள், ஓலை வேய்ந்த கூரைகள், வீட்டு வாசலில் உருளைக்கிழங்கு மூட்டையும் காசு போடும் டப்பாவும். காவலுக்கு ஆள் கிடையாது.

9.30. இடத்துக்குப் போய்விட்டோம். திரையில் நீலப் புள்ளிகளாக இருந்தவை கண்ணெதிரே குளங்களாகக் கிடந்தன. குளம் என்றதும் நம் ஊர் அளவில் கற்பனை செய்ய வேண்டாம். பெரியது ஒரு கல்யாண மண்டபம் அளவு, சிறியது ஒரு மாட்டுக் கொட்டகை அளவு. மூன்றாம் குளத்திலும் ஐந்தாம் குளத்திலும் சாலமாண்டர் உண்டு என்று என் வரைபடம் சொன்னது. அந்த இரண்டையும் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் பச்சை வேலி போட்டு, வேலியோரம் வாளிகளைப் புதைக்க வேண்டும். சாலைப் பக்கம் ஊர்ந்து போகும் பிராணிகள் வாளிக்குள் விழும், காலையில் வந்து பத்திரமான பக்கம் கொண்டுபோய் விடுவார்கள். அப்படித் தூக்கிக் கொண்டுபோய் விடவும் தனியாக அனுமதி வாங்க வேண்டும். குளத்தின் எண் போட்டு அனுமதி வரும்.

குணம் அண்ணன் வேலி போட, நான் குச்சிகளை அளந்தேன். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் எதுவும் பிசகவில்லை. என் வேலை சுத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

11.30. இந்த நாட்டில் இதுதான் சாப்பாட்டு நேரம். வேனின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தோம். அவரோடு நான் சேர்ந்து சாப்பிடுவது அன்றுதான் முதல். புளியோதரையை ரசித்துச் சாப்பிட்டார். நான் இன்னொரு கரண்டி வைக்கப் போனேன். அவர் டப்பாவின் மேல் கையை விரித்தார்.

"காணும், காணும்."

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். "என்னண்ணே காணும்? ஸ்பூனா?"

"ஸ்பூனோ? ஸ்பூன் இஞ்சை கிடக்குது. காணும் தங்கச்சி. போதும். வயிறு நிறைஞ்சிட்டுது."

"காணும்னா போதும்னு அர்த்தமா?"

"ஓம். வேறை என்ன? உங்கடை ஊரிலை?"

எங்கள் ஊரில் காணும் என்றால் காணவில்லை. சாவியைக் காணும், செருப்பைக் காணும், பிள்ளையைக் காணும். வாயைத் திறந்து இதைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நின்றுவிட்டேன். போன வருட மே மாதம் என் காதுக்குள் வந்துவிட்டது.

காற்றின் இரைச்சலுக்கு நடுவே அன்று நான் கேட்டேன்: "எட்டாம் குளம் என்னாச்சு சார்?" அவர் சொன்னார்: "எட்டிலை காணும். இனிக் கிண்டத் தேவையில்லை." நான், "சரிங்க சார், காணும்னு போட்டுக்கறேன்" என்றேன். அவர், "ஓம் ஓம், போடுங்கோ" என்றார். நான் பட்டியலைத் திறந்து, 'காணப்படவில்லை' என்பதற்கான டேனிஷ் சொல்லைத் தேர்ந்தெடுத்து, ஒன்பதாம் குளத்துக்குப் போய்விட்டேன்.

"அண்ணே, எட்டாம் குளத்துல நீங்க என்ன பாத்தீங்க?"

"முட்டை. முதல் கை வைச்ச இலையிலேயே முட்டை. ரெண்டாவதிலையும். அதோடை காணும் எண்டு ஏறீட்டன். ஏன்?"

"நான் இல்லைன்னு எழுதிட்டேன்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "எட்டு இந்த வேலிப் பட்டியலிலை இல்லைத்தான். அதுக்கு வேறையா விலக்கு வாங்கி, மாத்துக் குளம் வெட்டியிருப்பினம் எண்டு நினைச்சன். அறிக்கை வந்தது. தொண்ணூறு பக்கம் டேனிஷ். என்ரை பேரைச் சரியா எழுதியிருக்கினமோ எண்டு மட்டும்தான் பாத்தனான்."

படிக்கிறவர்களுக்கு இதன் கனம் விளங்க வேண்டும். சாலமாண்டர் உண்டு என்று நான் எழுதியிருந்தாலும் சாலை வந்திருக்கும். ஆனால் அதற்கு முன் பக்கத்தில் இரண்டு மாற்றுக் குளங்கள் வெட்டி, சாலமாண்டர்கள் அங்கே குடியேறும்வரை காத்திருந்து, பழைய குளத்தைக் குளிர்காலத்தில்தான் மூடியிருப்பார்கள். அப்போது அவை தண்ணீரில் இருக்காது. இல்லை என்று நான் எழுதியதால் எந்த நிபந்தனையும் இல்லாமல் அனுமதி வந்தது. ஆட்சேபிக்க நான்கு வாரம் கொடுத்தார்கள், யாரும் ஆட்சேபிக்கவில்லை, அந்தக் கெடுவும் எப்போதோ முடிந்துவிட்டது. எட்டாம் குளத்தை எந்த நாளிலும் மூடலாம்.

12.25. ஒன்றரை கிலோமீட்டர் தெற்கே, எட்டாம் குளம். தூரத்திலேயே மஞ்சள் இயந்திரத்தின் கை மேலும் கீழும் போவது தெரிந்தது. வியாழன் மதியமே பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்திருந்தார்கள். பாதிக் குளத்தில் மண் விழுந்துவிட்டது. மறுபாதியில் சேறும், நடுவில் நாலு பாய் விரிக்கும் அளவுக்குத் தண்ணீரும் மிச்சம்.

நான் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு குறுக்கே ஓடினேன். ஓட்டுநர் பெயர் பிரையன். உடனே இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கினார். என் ஓட்டை டேனிஷைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் அனுமதித் தாளை எடுத்துக் காட்டினார். அதோடு இணைத்திருந்த எங்கள் நிறுவனத்தின் பட்டியலில், எட்டாவது வரியில் என் சொல் இருந்தது.

"உங்கள் தாள்தானே இது?" என்றார். குற்றம் சாட்டவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

நகராட்சியின் சுற்றுச்சூழல் பிரிவைக் கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் பன்னிரண்டரை மணி வரைதான் தொலைபேசி எடுப்போம், நல்ல வார இறுதி அமையட்டும் என்று ஒரு பதிவுக் குரல் சொன்னது. மணி 12.48. என் மேலாளர் லோனேயைக் கூப்பிட்டேன். முழுவதையும் கேட்டார், ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை.

"வேலையை நிறுத்தச் சொல். நான் ஒப்பந்தக்காரரிடம் பேசுகிறேன். திங்கட்கிழமை நகராட்சியிடம் முறையாகக் கேட்போம். அதுவரை எதையும் தொடாதீர்கள். ஒன்றைக்கூட."

திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

திரும்பிப் பார்த்தால் குணம் அண்ணன் ரப்பர் கால்சட்டையோடு சேற்றில் நின்றார். கையில் வாளி. அவர் காலடியில் சேறு அசைந்தது. குனிந்து பார்த்தேன். வரைபடத்தில் எத்தனையோ முறை எழுதிய பிராணியை அன்றுதான் உயிரோடு பார்த்தேன். கறுப்பாக, கொண்டை ஒரு பக்கம் சாய்ந்து, தண்ணீர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தவழ்ந்துகொண்டிருந்தது. புரண்டபோது அந்த ஆரஞ்சு வயிறு தெரிந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பிறகு கண் பழகப் பழக, எல்லா இடத்திலும்.

"வாளி இருக்கு. அஞ்சாங் குளம் ஒண்டரைக் கிலோமீட்டர். ரெண்டு மணித்தியாலத்திலை கொண்டுபோய் விட்டிடலாம்" என்றார்.

"அந்த வாளிக்கு அனுமதி மூணுக்கும் அஞ்சுக்கும்தான்ணே. எட்டுக்கு இல்ல."

"எட்டுக்கு ஏன் இல்லை?"

இருவருக்கும் பதில் தெரியும். எட்டில் அந்தப் பிராணியே கிடையாது என்று எழுதியிருக்கிறது. கிடையாத ஒன்றைத் தூக்கிக்கொண்டு போக யார் அனுமதி தருவார்கள்? அதைத் தொட்டால், காக்கப்பட்ட உயிரினத்தைச் சட்டவிரோதமாகப் பிடித்த குற்றம். மண் போட்டு மூடியவர் கையிலோ முறையான தாள் இருக்கிறது.

"பிடிச்சா என்னைத்தானே பிடிப்பினம். நான் இந்த நாட்டுக் குடிமகன். அபராதம் கட்டீட்டுப் போறன்" என்று சொல்லிக் குனிந்தார்.

"வேண்டாம்ணே. லோனே தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. ப்ளீஸ்."

இதை நான் எழுதியே ஆக வேண்டும். சட்டத்தை மதித்து அப்படிச் சொல்லவில்லை. என் வேலை அனுமதி இந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. வேலை போனால் விசா போகும், கணவரும் பிள்ளையும் என் விசாவில்தான் இருக்கிறார்கள். அவர் குனிந்த அந்த ஒரு நொடியில் எனக்கு இது முழுவதும் ஓடி முடிந்துவிட்டது. பயம். வேறொன்றும் இல்லை.

அவர் நிமிர்ந்தார். "சரி. நீங்கள் சொன்னால் சரி" என்று வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கரையேறினார்.

பிரையன் பம்பையும் நிறுத்திவிட்டார். இயந்திரத்தில் குடிக்க வைத்திருந்த இரண்டு புட்டித் தண்ணீரைக் கொண்டுவந்து சேற்றில் ஊற்றினார். தண்ணீர் ஊற்றுவதற்குத் தடை இல்லையே என்று எங்களிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

14.10. முதல் நாரை வந்து இறங்கியது. நான் கல்லெடுத்து எறிந்தேன். பத்தடி தள்ளிப் போய் நின்றது. பிறகு இன்னொன்று. மூன்று மணிக்குப் பிரையன் வேலை முடிந்து கிளம்பினார், எங்கள் இருவருக்கும் கை கொடுத்தார். நான்கு மணிவரை கத்தியும் கைதட்டியும் விரட்டினோம். எவ்வளவு நேரம் விரட்டுவது? ஐந்து நாரைகளும் வயலில் வரிசையாக நின்று, நாங்கள் போகக் காத்திருந்தன. நாங்கள் போனோம்.

16.50. ஒடென்சே தாண்டியதும் வெள்ளிக்கிழமை நெரிசல். நான் மன்னிப்புக் கேட்டேன். இரண்டாம் முறையும் கேட்டேன். பாலத்தில் ஏறிய பிறகு அவர் சொன்னார்.

"பிழை ரெண்டு பேரிலையும்தான். காத்துக்குள்ளை நிண்டு அரைகுறையாக் கதைச்சது நான். ஆனால் தங்கச்சி, அந்தத் தாளிலை உங்கடை பேர் இல்லை. பாத்தது குணரத்தினம், கண்டது இல்லை எண்டு கிடக்குது. நான் கண்டனான்."

அல்பர்ட்ஸ்லுண்டில் என்னை இறக்கிவிட்டார். ரயிலில் உட்கார்ந்து, தவறு முழுவதும் என்னுடையது என்று லோனேக்கு எழுதி அனுப்பினேன். காணும் என்ற சொல்லை டேனிஷில் விளக்க ஆறு வரி ஆயிற்று. வீட்டுக்குள் நுழையும் முன் பதில் வந்தது: எல்லோருக்கும் தவறு நேரும், நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி, இனிய வார இறுதி.

திங்கட்கிழமை காலை 10.40க்கு நகராட்சியின் அனுமதி வந்தது, எட்டாம் குளத்தின் எண் போட்டு. குணம் அண்ணன் ஒரு உயிரியலாளரோடு போனார். மதியம் கூப்பிட்டார். "தண்ணி வத்தீட்டுது. ஒண்டும் இல்லை" என்றார். இந்த முறை சொல்லைத் தேர்ந்தெடுத்துப் பேசுகிறார் என்று தெரிந்தது. அறிக்கை திருத்தப்பட்டது. அவர் பெயருக்கு நேரே இப்போது 'காணப்பட்டது' என்று இருக்கிறது. நிபந்தனைப்படி இரண்டு மாற்றுக் குளங்களும் வெட்டப்படும். அவற்றில் வாழச் சாலமாண்டர்கள் எங்கிருந்து வரும் என்று நான் கேட்டேன். நிபந்தனையில் அதைப் பற்றி எதுவும் இல்லை என்றார்கள். சாலை அடுத்த வருடம் திறக்கும்.

சேலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஏரியில் பாதியை நிரப்பித்தான் நான்குவழிச் சாலை போட்டார்கள். ஒரு காலைப் பொழுதில் லாரிகள் வந்தன, அவ்வளவுதான். அதில் என்ன மீன் இருந்தது, என்ன பறவை வந்தது என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே என்று இந்த நாட்டுக்காரர்களிடம் எத்தனையோ விருந்துகளில் ஆத்திரத்தோடு சொல்லியிருக்கிறேன். இங்கே கேட்டார்கள். படிவம் கொடுத்து, நேரம் கொடுத்து, சம்பளமும் கொடுத்துக் கேட்டார்கள். பதில் எழுதியது நான்.